கொட்டியாரக் குடாவும் ஆங்கிலேயரின் கறியும்

ஆங்கிலேயரின் மரபுவழிச் சமையல் வாசனைச் சரக்குகளை அறியாதது என்றும், கீழைநாடுகளை ஆண்ட பின்னரே அவர்கள் சுவைபட உண்ணக் கற்றனர் என்றும் நம்மிடையே ஒரு கருத்து நிலவுகின்றது. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. ஆங்கிலேயர் நம்மவரிடமிருந்து பெற்றது யாது, பெறாது விட்டது யாது என்பதைத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய ஒரு சான்றின் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

இரண்டாம் ரிச்சட் மன்னனின் தலைமைச் சமையற்காரர் 1390 ஆம் ஆண்டளவில் தொகுத்த ‘போர்ம் ஒவ் கியூரி’ என்னும் நூலில் மிளகு, இஞ்சி, கறுவா, கராம்பு, சாதிபத்திரி, குங்குமப்பூ ஆகியன தாராளமாகப் பயின்று வருகின்றன. ‘கியூரி’ என்பது பிரெஞ்சு வழிவந்த, சமையலைக் குறிக்கும் பழஞ்சொல். தமிழ்க் ‘கறி’யோடு அதற்கு உறவில்லை. உறைப்பான பொடி, இனிய பொடி எனக் கலவைத் தூள்களும் அன்றே வழக்கிலிருந்தன. ஆயின் இவை அரண்மனைக்கும் செல்வர் மனைக்குமே உரியனவாயிருந்தன. உழவர் குடிசையில் கடுகும் வெங்காயமும் தோட்டத்துப் பச்சிலைகளுமே சுவை தந்தன. 17 ஆம் நூற்றாண்டில் கடல்வழி வாணிகம் பெருகிச் சரக்குகளின் அருமை குறைந்தது. பிரெஞ்சுச் சமையலின் செல்வாக்கும் ஓங்கியது. இவற்றின் விளைவாகச் சரக்குகள் இறைச்சி உணவை விட்டுப் பெரிதும் விலகி, இனிப்புப் பண்டங்களில் நிலைகொண்டன. எனவே, ஆங்கிலேயர் சரக்கை அறியாதவர் அல்லர். அறிந்து கைநெகிழவிட்டவர் எனலாம்.

அந்நூற்றாண்டிலேயே, புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. குடாவின் தென்கரையில் மூதூரும் அதன் கிழக்கே சம்பூரும் அமைந்துள்ளன. 1660 இல் கப்பற்றலைவர் இக்கரையில் ஒரு புளியமரத்தின் கீழ் அமர்ந்திருக்கையில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். உடன் சிறைப்பட்ட அவர் மகன் ரொபேட் நொக்ஸ், மலைநாட்டு ஊரார் அரசாணைப்படி தம் செலவில் அளித்த உணவை உண்டும், பின்னர்த் தொப்பி பின்னி விற்றும் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்ற அவர், 1681 இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார்.

கனிகளைப் பழுக்குமுன் பறித்து அவித்துக் கறியாக்கும் வழக்கத்தை அந்நூலிற் குறிப்பிடும் நொக்ஸ், சோற்றோடு உண்ணப்பட்டு அதற்குச் சுவை சேர்ப்பதே கறி என விளக்குகின்றார். அச்சொல்லைப் போர்த்துக்கேயருடையது என்றே அவர் கருதினார். போர்த்துக்கேயர் அதனைத் தென்னிந்தியாவிலிருந்தே பெற்றனர். சங்க நூல்களிலே அது மிளகைக் குறித்த சொல். நொக்ஸ் உண்டதோ சிங்கள உழவரின் உணவு. ஆகவே, ஓர் இனம் மட்டும் உரிமை பாராட்டத்தக்க வரலாறன்று இது.

66 ஆண்டுகளின் பின், 1747 இல், ஹனா கிளாஸ் வீட்டுப் பணியாளருக்கென எழுதிய சமையல் நூலில் இந்திய முறைக் கறி ஒன்று இடம்பெற்றது. கோழி அல்லது முயல் இறைச்சி, வெங்காயம், 30 மிளகு, வறுத்திடித்த கொத்தமல்லி. இவற்றோடு ஒரு பெரிய கரண்டி அரிசி! நொக்ஸிடம் சோற்றுக்காகக் கறி இருந்தது. கிளாஸிடம் அரிசி கறிக்குள் ஒரு கூட்டுப்பொருளாயிற்று. 1780களில் இலண்டனில் கறித்தூள் விளம்பரப்படுத்தப்பட்டது. 1837 முதல் விற்பனைக்கு வந்த வூஸ்டர் சோஸில் நமது புளியும் புட்டிக்குள் அடைபட்டது.

இம்மாற்றத்தின் காரணம் வெளிப்படை. அடிமட்ட மக்களோடு உண்டவன் உணவை ஓர் உறவாகக் கண்டான். வாணிகம் அதனை விற்கத்தக்க பண்டமாகக் கண்டது. சரக்கும் சொல்லும் கப்பலேறின. சோற்றுக்கும் கறிக்குமுள்ள உறவு கரையிலேயே நின்றுவிட்டது. வாணிகக் கணக்குகளில் மிளகும் கறுவாவும் எடையாக இடம்பெறுகின்றன. அரைத்த கைகள் இடம்பெறுவதில்லை.

நொக்ஸின் விளக்கம் இன்றும் பொருளுடையது. 2006 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பலர், ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின், 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்திற்கு மீண்டனர். அகதி முகாமில் அரிசியைப் பங்கீட்டில் அளந்து கொடுத்தல் கூடும். கறிக்கோ வளவு முருங்கையும், கிணறும், கடலும், அம்மியும் வேண்டும். கறியின் வரலாற்றை எழுதுவோர் இந்நிலவுரிமையையும் சேர்த்தெழுதுதல் வேண்டும் என்பதே நமது துணிபு.