டிக்காஷன் ஒன்று, குவளை இரண்டு



தீண்டாமையின் வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் கிணற்றையும் குளத்தையும் கோயிலையும் தேரோடும் வீதியையும் சுடுகாட்டுப் பாதையையும்தான் முதலில் எடுக்கிறோம். டீக்கடை பிறகுதான் நினைவுக்கு வருகிறது. மற்றவையெல்லாம் பழையவை, டீக்கடை நேற்று வந்தது. எந்தச் சாஸ்திரத்திலும் அதற்கு இடம் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு புதுப் பண்டத்துக்குள் சாதி எப்படிக் குடியேறியது என்பதை இந்த நினைவு உரையில் பார்க்க விரும்புகிறோம். அதற்கு டீ போடும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கடையில் டீயைக் குவளை குவளையாகக் காய்ச்சுவதில்லை. பாய்லரின் நடுக்குழாயில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும், பக்கத்தில் பால் சட்டி சூடு ஆறாமல் இருக்கும். கம்பி வளையத்தில் தைத்த துணிப்பையில் தூளைக் கொட்டி, கொதிநீரை விட்டால், கீழே கறுப்பாகக் கெட்டியாக இறங்குவது டிக்காஷன். இறங்கியதை மறுபடி அதே பையில் ஊற்றினால் இன்னும் கெட்டிப்படும். பிறகு வேலை சுலபம். கிளாஸில் சீனி, பால், அதன்மேல் டிக்காஷன், ஓர் ஆற்று. ஸ்ட்ராங் என்றால் டிக்காஷன் கூடும், லைட் என்றால் குறையும், பால் வேண்டாம் என்பவருக்கு வெந்நீர். வருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்டபடி மாஸ்டர் கலந்து தருவார். ஆனால் எல்லாம் ஒரே பையில் இறங்கியவை.

சாதியின் சமையல் சட்டம் தனி அடுப்பும் தனிப் பானையும் கேட்கும். டீக்கடையின் சிக்கனம் ஒரே பையையும் ஒரே பால் சட்டியையும் கேட்கும். சேரிக்கென்று தனி டிக்காஷன் இறக்கினால் தூளும் கரியும் நட்டம். ஆகவே டிக்காஷன் பொதுவாகவே இருந்தது. ஊற்றிக் கொடுக்கும் பாத்திரம் பிரிந்தது. சில ஊர்களில் சிரட்டை, சில ஊர்களில் நசுங்கிய அலுமினியக் குவளை, பிறகு கூரைக்கு வெளியே தனியாக வைத்த கண்ணாடி கிளாஸ். குடித்தவர் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பெஞ்சு ஊர்க்காரருக்கு, தரை நமக்கு. காசு மட்டும் ஒரே கல்லாவுக்குள் போயிற்று. இதை ஆதிகாலத்து ஆசாரத்தின் மிச்சம் என்று சொல்வோரை நாம் ஏற்பதற்கில்லை. இந்த ஏற்பாட்டுக்கு வயது பாய்லரின் வயதுதான்.

துணிப்பைக்குள் விழுந்த தூள் எங்கிருந்து வந்தது? இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். காப்பிச் செடியை நோய் அழித்தபின் மலைநாடு முழுக்கத் தேயிலையாயிற்று. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்களில் பெரும்பங்கு பள்ளரும் பறையரும் சக்கிலியரும். கங்காணிகளில் பலரோ ஊரில் மேலே இருந்த சாதியினர். ஊரின் ஏணி அப்படியே கப்பலேறியது. 1948இல் அம்மக்களின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. திரும்பியவர்களுக்கென்று நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது, மறுபடியும் கொழுந்துக் கூடைதான் முதுகில் ஏறியது. இந்தப் பக்கத்தில் ஆனைமலையின் கதையை பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மாஞ்சோலைத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். கூலிக் கோரிக்கையோடு போனவர்கள் அவர்கள்.

நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளிய விரல்கள் நம் பெண்களின் விரல்கள். அந்த விரல் பட்டது என்று எந்தக் கடைக்காரரும் தூளை ஒதுக்கியதில்லை. அதே விரல் கிளாஸைத் தொடும்போது மட்டும் தீட்டு வந்துவிடுகிறது. தீட்டு எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதை லாபம் முடிவு செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

தேயிலை முதலில் நம் நாட்டவர் குடிப்பதற்காக விளைந்ததல்ல, ஏற்றுமதிக்கானது. 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்து, அந்தப் பணத்தில் விளம்பரம் நடந்தது. 1930களின் மந்தத்தில் வெளிச்சந்தை சுருங்க, உள்நாட்டுக்காரரைக் குடிக்கப் பழக்கும் வேலை மும்முரமாயிற்று. அதே காலத்தில் அசாமில் இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம் வந்தது. அதில் கிடைக்கும் பொடித்தூள் சீக்கிரம் சாயம் இறக்கும். கொஞ்சத் தூளில் நிறையக் கிளாஸ். அந்தத் தூள் இல்லாமல் இன்றைய மலிவு டீக்கடை இல்லை. காப்பி வேறு வழியில் போயிற்று. அது ‘பிராமணாள்’ பலகைக்குக் கீழே அமர்ந்தது. சென்னையில் ஓர் ஓட்டலின் அந்தப் பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட்டம் நடத்தினார். பலகையில் எழுதிய சாதியைத் தார் பூசி அழிக்கலாம். டீக்கடையில் பலகை ஏதும் இல்லை. எந்தக் கிளாஸ் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டம் இதை அறியாததல்ல. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் பொது உணவகங்களின் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையே குற்றம் என்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கும் இருபதாண்டுகள் கழித்து, 2011 ஏப்ரலில், ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் இரட்டைக் குவளையைப் பெயர் சொல்லிக் கண்டித்து, கடைப்பிடிப்போர் மீது குற்ற நடவடிக்கை வேண்டும் என்றது. அத்தனை காலம் அந்தக் கிளாஸ் கூரைக்கு வெளியே உயிரோடு இருந்தது என்பதற்கு அத்தீர்ப்பே சாட்சி.

கண்ணாடி கிளாஸுக்குப் பின் வந்தது பிளாஸ்டிக்கும் காகிதமும். குடித்து எறிவதால் கழுவும் சண்டை இல்லை, பொதுக்கிளாஸைத் தொடும் கேள்வியும் இல்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடி, காலனிக்காரருக்குக் காகிதம் என்று பிரித்த கடைகளைப் பற்றிய செய்திகள் பல. கேட்டால் சுத்தம் என்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் சேர்த்தி; கடைகளில் இன்னும் புழங்குகிறது. எல்லோருக்கும் காகிதம் என்றால் நமக்கு வழக்கில்லை. சிலருக்கு மட்டும் என்றால் அது பழைய சிரட்டை.

ஆகவே களஆய்வுக்குப் போகும் நம் இளைஞர்கள் ‘இரண்டு குவளை இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். இல்லை என்ற பதில் எளிதாகக் கிடைக்கும். கிளாஸைக் கழுவுவது யார், பெஞ்சில் உட்காருவது யார், பாக்கிச் சில்லறை கையில் வைக்கப்படுகிறதா, மேலிருந்து போடப்படுகிறதா என்று பார்க்கட்டும். இன்னொன்றையும் குறித்து வரட்டும்: அந்த ஊரின் முக்குரோட்டில் நம்மவர் ஒருவர் பாய்லர் வைத்து டிக்காஷன் இறக்கினால், அதை வாங்கிக் குடிக்க ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்.