சவர நுரை: தூரிகை, சோப்பு, ஸ்கட்டில்

சவர நுரை என்பது சவர சோப்பையும் வெந்நீரையும் தூரிகையால் கடைந்து உண்டாக்கும் கெட்டியான ஈர நுரை. மழிப்பதற்கு முன் இதை முகத்தில் பூசி மயிரை ஊறவைப்பார்கள். இதற்கு வேண்டிய கருவிகள் மூன்று: விலங்கு முடியாலோ செயற்கை இழையாலோ ஆன சவரத் தூரிகை (புழக்கத்தில் ஷேவிங் பிரஷ்), சவரத்துக்கென்றே காய்ச்சிய சோப்பு, வெந்நீரைத் தாங்கி நுரையை ஆறவிடாமல் காக்கும் ஸ்கட்டில் என்ற குடுவை. மூன்றும் வெவ்வேறு காலத்தில் உருப்பெற்றவை. தூரிகை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியது. சோப்பு 19ஆம் நூற்றாண்டு வேதியியலால் முதிர்ந்தது. ஸ்கட்டில் குழாயில் வெந்நீர் வராத விக்டோரியா காலத்து வீடுகளுக்கு உரியது. நீராலும் சூட்டாலும் மயிரை இளக்கிய பிறகே கத்தி தோலைத் தொட வேண்டும் என்ற தேவைதான் இம்மூன்றையும் ஒன்று சேர்த்தது.

நுரை செய்யும் வேலை

மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உலர்ந்த நிலையில் விறைப்பாக நின்று கத்தியை எதிர்க்கும். நீரில் ஊறும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீரை உறிஞ்சிப் பருக்கும். புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்துவதால், ஊறிய மயிர் குறைந்த விசையிலேயே வெட்டுப்படும். இப்படி ஊறச் சில நிமிடங்கள் ஆகும். நீர் சூடாக இருந்தால் அந்த நேரம் குறையும்.

வெறும் நீர் முகத்தில் தங்காமல் வழிந்தோடிவிடும். நுரை அதைப் பிடித்து நிறுத்துகிறது. குமிழ்களுக்கு இடையே உள்ள மெல்லிய சோப்புநீர்ப் படலங்கள் மயிருக்குத் தொடர்ந்து ஈரம் தருகின்றன. சோப்பு மயிரின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கி நீர் உட்புக வழிசெய்கிறது. கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கும் படலமாகவும் நிற்கிறது. எனவே நுரையின் தரத்தை அளக்க வேண்டியது அதன் பருமனால் அல்ல, அது ஏந்தியிருக்கும் நீரால். பெருங்குமிழ்களோடு பொங்கிய நுரையில் காற்றே மிகுதி. அது விரைவில் அடங்கிவிடும். குமிழ் கண்ணுக்குத் தெரியாமல், பளபளப்போடு கெட்டித் தயிர்போல் நிற்கும் நுரையே மழிக்க ஏற்றது.

தூரிகைக்கு முந்தைய சவரம்

பழங்காலச் சவரம் பெரும்பாலும் நீரை நம்பியே நடந்தது. ரோமானியச் சவரத் தொழிலாளர்கள் தாடியை நீரால் நனைத்து இரும்புக் கத்தியால் மழித்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் சோப்பைப் பற்றி எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, தலைமுடிக்குச் செந்நிறம் ஊட்டும் பொருளாகவே அதைக் குறிப்பிடுகிறார்.

சீனாவில் 1645இல் சிங் அரசு, ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்சடை வைக்க வேண்டும் என ஆணையிட்டது. தெருத்தெருவாகச் சென்று மழிக்கும் தொழில் அதனால் பெருகியது. அத்தொழிலாளர்கள் தோளில் தூக்கிச் சென்ற தண்டின் ஒரு முனையில் கரியடுப்பும் வெந்நீர்ப் பாத்திரமும், மறுமுனையில் முக்காலியும் கருவிகளும் தொங்கின. ஒரு முனை மட்டும் சூடாக இருக்கும் அந்தத் தண்டு, ஒருதலைக் காதலைச் சுட்டும் சீனப் பழமொழியாகவும் ஆகிவிட்டது. மழிப்பதற்கு வெந்நீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு, அடுப்பையே சுமந்து திரிந்த அவர்களின் உழைப்பு சான்று.

தமிழ்நாட்டு ஊர்களிலும் கிண்ணியில் நீர் வைத்துக்கொண்டு, அதை விரல்களால் தொட்டுத் தொட்டுத் தாடையில் தேய்த்து ஊறவைத்துச் சவரக் கத்தியால் மழிப்பதே பழைய முறை. பழனி போன்ற கோயில்களில் முடிகாணிக்கை செலுத்துவோரின் தலையை இன்றும் நீரால் நனைத்தே மழிக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, விளிம்பில் கழுத்தளவுக்குப் பிறை வடிவில் வெட்டிய தட்டு ஒன்று சவரத் தொழிலின் அடையாளமாக இருந்தது. பித்தளை, வெள்ளீயக் கலவை, பீங்கான் ஆகியவற்றால் அதைச் செய்தார்கள். மழித்துக்கொள்பவர் அதைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்வார். தொழிலாளர் நறுமணச் சோப்பு உருண்டையை நீரில் உரசிக் கையாலேயே நுரையைப் பூசுவார். செர்வான்டிஸ் 1605இல் வெளியிட்ட தொன் கிகோத்தே நாவலின் நாயகன், மாம்பிரினோவின் மாயத் தலைக்கவசம் என எண்ணிப் பறித்துக்கொள்வது இத்தகைய பித்தளைத் தட்டைத்தான்.

சவர சோப்பு

எண்ணெய் அல்லது கொழுப்பைக் காரத்தோடு சேர்த்தால் சோப்பு கிடைக்கும். சோடியம் காரம் கெட்டியான கட்டியைத் தரும். அது நீரில் மெல்லக் கரையும். பொட்டாசியம் காரம் இளகிய சோப்பைத் தரும். அது எளிதில் கரைந்து நிறைய நீரை ஏற்கும். சவர சோப்பில் இரண்டும் கலந்திருக்கும். சோடியத்தால் கட்டி உருக்குலையாமல் நிற்கிறது. பொட்டாசியத்தால் தூரிகை பட்டதும் நுரை எழுகிறது. கொழுப்பு வகையும் முக்கியம். தேங்காயெண்ணெய் சட்டென்று பெருநுரை தரும். ஆனால் அந்த நுரை நீடிக்காது. மாட்டுக் கொழுப்பிலும் பனைவகை எண்ணெய்களிலும் இருந்து கிடைக்கும் ஸ்டியரிக் அமிலம் நுண்குமிழ்களாலான நிலைத்த நுரையைத் தரும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இந்த அறிவு படிப்படியாகச் சேர்ந்தது. பிரெஞ்சு வேதியியலர் நிக்கோலா லெப்ளாங்க் 1791இல் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார், காரம் மலிவானது. மிஷல் யூஜீன் செவ்ரல் 1823இல் வெளியிட்ட ஆய்வு நூல், கொழுப்புகளுக்குள் ஸ்டியரிக் உள்ளிட்ட அமிலங்கள் கிளிசரினோடு இணைந்திருப்பதை விளக்கியது. மெழுகுவர்த்தித் தொழிலுக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டியரிக் அமிலம் சவர சோப்புக்கும் பயன்பட்டது. பிரிட்டன் 1853இல் சோப்பு வரியை நீக்கியதும் அங்கே சோப்பு எளிய வீடுகளையும் எட்டியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1840களில் தொழில் தொடங்கிய ஜே. பி. வில்லியம்ஸ் நிறுவனம் சவரத்துக்கென்றே சோப்பு செய்து புகழ்பெற்றது. சவரக் கோப்பையின் அடியில் பொருந்தும் அதன் வட்டக்கட்டி 20ஆம் நூற்றாண்டிலும் விற்பனையில் இருந்தது.

நல்ல சோப்பையும் கெடுக்க வல்லது கடின நீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறுவதால் நுரை மெலிந்துபோகும். அத்தகைய ஊர்களில் கூடுதல் சோப்பு தேவைப்படும்.

தூரிகை

தூரிகை பரவியது 18ஆம் நூற்றாண்டில். கையால் பூசும்போது நுரை மயிரின் மேல் படியும். தூரிகை மயிர்களைப் பிரித்து நிமிர்த்தி அடிவரை நீரைக் கொண்டுபோகும். பாரிஸ் நகரக் கத்தித் தொழிலாளர் ழான் ழாக் பெரே 1769இல், தாமே மழித்துக்கொள்வது எப்படி என்பதற்குத் தனி நூலே வெளியிட்டார். சவரம் தொழிலாளரின் கையிலிருந்து வீட்டுக் கண்ணாடி முன் நகரத் தொடங்கிய காலம் அது. இங்கிலாந்தின் கென்ட் நிறுவனம் 1777 முதல் தூரிகைகள் செய்துவருகிறது.

தூரிகை முடிகளில் உயர்வாகக் கருதப்பட்டது பேட்ஜர் என்ற வளைக்கரடியின் முடி. நுனி மெலிந்து அடி தடித்த அந்த முடி, நீரை அடியில் தேக்கி நுனியால் மென்மையாகப் பூசும். கைவினைஞர்கள் முடிக்கற்றையைக் குழிந்த அச்சில் நுனி கீழாக இட்டுத் தட்டிச் சேர்த்து, அடியைக் கட்டி ஒட்டுவார்கள். தூரிகைத் தலையின் குவிந்த வடிவம் அச்சால் வருவது; நுனியில் கத்தரி படாததால்தான் அது தோலில் குத்துவதில்லை. பன்றி முடி விறைப்பானது. பயன்படுத்தப் பயன்படுத்த நுனி பிளந்து மிருதுவாகும். குதிரையின் வால், பிடரி மயிர்களும் பயன்பட்டன. லண்டனில் 1919இல் தொடங்கிய சிம்ப்சன், இத்தாலியின் பொலோனியாவில் 1931இல் தொடங்கிய ஒமேகா, ஜெர்மனியில் 1945இல் தொடங்கிய மூலே ஆகியவை இத்தொழிலின் பெயர்பெற்ற நிறுவனங்கள்.

ஸ்கட்டில்

விக்டோரியா காலத்து வீட்டில் படுக்கையறையே சவர இடம். அடுக்களையில் காய்ச்சிய வெந்நீரைக் குடத்தில் மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் கொஞ்சமாகவே வரும், வேகமாக ஆறும். இந்தக் குறைக்குக் கிடைத்த விடைதான் ஸ்கட்டில். அதன் வயிற்றில் வெந்நீர் இருக்கும். பக்கவாட்டில் அகன்ற மூக்கு. அதன் வழியே தூரிகையை நீரில் தோய்க்கலாம். மேலே துளையிட்ட தட்டு. சோப்பு அதில் அமரும், மிகுநீர் துளைவழியே இறங்கிவிடும். அடியிலுள்ள நீரின் சூடு மேலுள்ள சோப்பை இளக்கும். ஒரே பாத்திரம் நீர்க்கலனாகவும் சோப்புத் தட்டாகவும் சூடு காக்கும் கருவியாகவும் அமைந்தது. பீங்கானில் பூவேலைப்பாட்டோடும், வெள்ளி முலாம் பூசிய உலோகத்திலும் இதைச் செய்தார்கள்.

அமெரிக்க சலூன்களில் இதற்கு உறவான சவரக் கோப்பை தனி மரபாகவே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோப்பை சலூன் அலமாரியில் இருந்தது. பிரான்சின் லிமோஜிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த வெள்ளைக் கோப்பைகளில் உரியவர் பெயரைப் பொன் எழுத்தில் தீட்டினார்கள். பலவற்றில் அவர் தொழிலின் படமும் இருக்கும். ரயில் ஓட்டுநருக்கு எஞ்சின், கசாப்புக்காரருக்கு மாடு, மருந்துக்கடைக்காரருக்கு உரல். அக்காலத்து உழைப்பாளர் வாழ்வைக் காட்டும் ஆவணங்களாக இன்று அவை அருங்காட்சியகங்களில் உள்ளன.

போரும் ஆந்த்ராக்சும்

கிங் கேம்ப் ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசருக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் நச்சுவாயு வந்தபின், முகமூடி இறுகப் பொருந்தத் தாடியற்ற முகம் தேவைப்பட்டது. அமெரிக்கப் படைக்கு 35 லட்சம் ரேசர்கள் வழங்கப்பட்டன. தூரிகைக்கும் அதே அளவு தேவை எழுந்தது. ரஷ்யப் பேட்ஜர் முடி ஜெர்மனி வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வருவது போரால் நின்றுபோனது. அதற்கு ஈடாகக் குதிரை முடியைச் சாயமிட்டு, சரியாகக் கிருமி நீக்காமல் தூரிகை செய்தார்கள். அதில் ஒளிந்திருந்த, ஆந்த்ராக்ஸ் என்ற தொற்றுநோயின் நுண்வித்துகள் கத்திக் கீறல் வழியே உடலுக்குள் புகுந்தன. 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 200க்கும் மேற்பட்டோர் சவரத் தூரிகையால் இந்நோய்க்கு ஆளாயினர். எதிருயிரி மருந்துகள் இல்லாத காலம் என்பதால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் இயற்றியது. தூரிகை முடியைக் கிருமி நீக்குவது கட்டாயமாயிற்று. ஏழைச் சிப்பாயின் கையில் கொடுத்த மலிவுப் பொருளில் சுத்தத்தைக் கைவிட்டதன் விலை அது.

தூரிகை இல்லாத நுரை

1919இல் அமெரிக்காவில் வந்த பார்பசால், 1925இல் வந்த பர்மா ஷேவ் ஆகியவை தூரிகையே வேண்டாத கிரீம்கள். 1950ஐ ஒட்டி அமெரிக்காவில் ரைஸ் என்ற அழுத்தக் குப்பி நுரை விற்பனைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் நொடியில் கை நிறைய நுரை. ஆனால் குப்பியிலுள்ள வாயு விரியும்போது சூட்டை உறிஞ்சுவதால் அந்த நுரை குளிர்ந்தே வருகிறது. அதில் வாயுவே மிகுதி, நீர் குறைவு. மயிர் ஊறும் நிமிடங்களும் அதோடு போயின. குழாயில் வெந்நீர் வந்துவிட்ட வீடுகளில் ஸ்கட்டில் முன்பே பரணுக்குப் போயிருந்தது. தமிழ்நாட்டு சலூன்களிலோ கிண்ணமும் தூரிகையும், குழல் கிரீமும், மழித்தபின் தேய்க்கும் படிகாரமும் நெடுங்காலம் தொடர்ந்தன.

மறுவரவு

2000களில் ஈரச் சவர ஆர்வலர்கள் ஸ்கட்டிலை மீட்டார்கள். புதிய ஸ்கட்டிலில் துளைத்தட்டு இல்லை. இரட்டைச் சுவருக்கு நடுவே வெந்நீர் நிற்க, உள்கிண்ணத்தில் நுரையைக் கடைவார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜார்ஜ்டவுன் மண்கலக்கூடம் செய்த வடிவம் இதில் பெயர்பெற்றது. பழைய ஸ்கட்டில் நீரைச் சூடாக வைத்தது. புதியது நுரையையே சூடாக வைக்கிறது. மயிர் வளரும் திசையிலும், குறுக்கிலும், எதிர்த்திசையிலுமாக இரண்டு மூன்று முறை மழிப்பவருக்குக் கடைசிப் பூச்சும் இளஞ்சூடாகவே கிடைக்கும்.

தூரிகையும் மாறியது. பேட்ஜர் முடி இன்று பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது; விலங்குகள் படும் துன்பம் வெளிவந்ததால் எதிர்ப்பு வலுத்தது. நுனி மெலிந்த செயற்கை இழைகள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. அவை விரைவில் உலரும், துர்நாற்றம் இல்லை, எந்த உயிரையும் வதைப்பதில்லை.

நுரை கடையும் முறை

குடுவையில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். விலங்கு முடித் தூரிகை என்றால் அதையும் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். முகத்தை வெந்நீரால் நனைத்த பிறகு, தூரிகையை உதறிச் சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றினால் பசைபோல் ஏறும். பிறகு கிண்ணத்தில் கடைந்தபடியே சொட்டுச் சொட்டாக வெந்நீர் சேர்க்க வேண்டும். தூரிகையை உயர்த்தினால் நுரை கூம்பாக நின்று பளபளத்தால் பதம் வந்துவிட்டது. மங்கலாக, ஒட்டும் தன்மையோடு இருந்தால் நீர் போதாது. வழிந்தால் நீர் மிகுதி. கொதிக்கும் நீர் கூடாது. நுரையும் உடையும், தோலும் எரியும். வட்டமாகத் தேய்த்துப் பூசி, ஓரிரு நிமிடம் விட்டு மழிக்கலாம். முடிந்ததும் தூரிகையை நன்றாக அலசி, உதறி, காற்றில் உலர்த்த வேண்டும். ஒருவர் தூரிகையை மற்றவர் பயன்படுத்தினால் தோல்தொற்று பரவும்.

மதிப்பீடு

தூரிகை நுரையைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவது தவறு. மயிரை இளக்கும் நீர், சூடு, நேரம் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே தருகிறது. குப்பி நுரை மூன்றிலும் குறைவுபடுகிறது. சவர எரிச்சலாலும் உள்வளர் மயிராலும் தொல்லைப்படுபவர்கள் புதிய ரேசர் தேடுவதற்கு முன் தங்கள் நுரையை மாற்றிப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த ஸ்கட்டில்கூட வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, செயற்கை இழைத் தூரிகையால் கடைந்தாலே போதும்.