கிண்டியில் வரைந்த வரைபடம்

பாரிஸின் லாச்சப்பலில் வாங்கிய ஆட்டுக்காலை இரவில் சூப் வைத்து மூடிவிட்டால், விடியும்போது சட்டிக்குள் அது கூழாக உறைந்து கிடக்கும். தசைநாரிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் என்ற புரதம் வெந்து கரைந்து, ஆறியதும் இறுகிவிடுகிறது. அந்தப் புரதத்தின் உருவத்தைத் தேடித்தான் இந்திய இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் புரத ஆய்வில் இறங்கினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு வந்த அவர், கங்காரு வாலின் தசைநாரை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ்கதிரால் ஆராய்ந்தார். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954இல் இருவரும் எழுதினார்கள். அவை கயிறுபோல் முறுக்கிக்கொண்டவை என்று மறு ஆண்டே திருத்தமும் செய்தார்கள். ஆனால் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டில் கண்டனம் எழுந்தது.

எவ்வளவு நெருக்கம்தான் கூடும்? விடை காண, அதுவரை தெரிந்த படிக அமைப்புகளில் அணுக்களின் இடைவெளிகளை அவர் சேகரித்துத் தொகுத்தார். அமினோ அமிலங்கள் கோத்த புரத இழை, ஒவ்வோர் அமிலத்திலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் திரும்புகிறது. அணுக்கள் முட்டிக்கொள்ளாத கோணங்கள் எவை என்று சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரும் கணக்கிட்டு, 1963இல் வரைபடமாக வெளியிட்டார்கள். உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது.

அந்த ஆண்டுகளில்தான் புரதத் தரவுகளும் குவியத் தொடங்கின. அமினோ அமிலங்களின் வரிசைகளை மார்கரெட் டேஹாஃப் 1965இல் நூலாகத் தொகுத்தார். முப்பரிமாண அமைப்புகளுக்கான புரதத் தரவு வங்கி 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. வரிசைகளுக்கான சுவிஸ்-புரோட், 1986இல் ஜெனீவாவில் ஆமோஸ் பைரோக்கின் கையில் பிறந்தது. யூனிபுரோட் என்ற இன்றைய தரவுத்தளத்துக்கு அதுவே அடித்தளம்.

வரிசை ஒரு வீட்டில், உருவம் இன்னொரு வீட்டில்; இரண்டிலும் எண்ணும் முறை எப்போதும் ஒன்றல்ல. அரிவாள்செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா இழையில் ஒரு குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறிவிடுகிறது. மருத்துவ நூல்களிலும் புரதத் தரவு வங்கியின் அமைப்பிலும் அது ஆறாவது இடம். யூனிபுரோட்டிலோ ஏழாவது, ஏனென்றால் செல் பின்னர் வெட்டியெறியும் முதல் அமிலமான மெத்தியோனினும் அங்கே எண்ணப்படுகிறது. ஒன்றைப் பார்த்து மற்றதில் தேடும் ஆய்வாளர் பக்கத்து அமிலத்தில் போய் நிற்பார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் சிஃப்ட்ஸ் என்ற இணைப்பை உருவாக்கியது. இரண்டு தளங்களிலும் ஒவ்வோர் அமிலமும் எதற்கு எது என்று அது வரிவரியாகப் பொருத்தி வைக்கிறது.

2022இல் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களுக்கு, வரிசையிலிருந்தே கணினி கணித்த உருவங்களை வெளியிட்டது. ஒவ்வோர் உருவத்தையும் யூனிபுரோட் எண்ணைக் கொண்டே தேடி எடுக்கலாம்.

ஆய்வகத்தில் கண்டறிந்த அமைப்பைப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கும்போது, இன்றும் ஒரு சோதனை அறிக்கை வருகிறது. கோணம் பிசகிய அமிலங்களுக்கு அதில் தனி இடம் உண்டு. கிண்டியில் கணக்கிட்ட எல்லைகளை உலகத் தரவுகள் கொண்டு கூர்மைப்படுத்தியிருக்கிறார்கள்; அந்தப் பகுதியில் ராமச்சந்திரனின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.