1918: நியூயோர்க் பாடசாலைகள் மூடப்படாத கதை

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் கல்லூரியின் கடந்த காலத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வரலாறு கற்ற பழைய மாணவி என்ற வகையில் நான் எடுத்துக்கொண்ட விடயம் சற்று விலகியது. ஆனால் கொவிட் காலத்தில் எம்மில் பலர் கொழும்பு, யாழ்ப்பாணம், ரொறன்ரோ, மெல்பேர்ண், இலண்டன் என்று இருந்த இடங்களிலிருந்தே வாதாடித் தீர்க்க முடியாமல் விட்ட விடயம் அது. பாடசாலைகளை மூடியது சரியா, பிழையா? தாய்மாராக இருந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், ஆசிரியைகளாக இருந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள், வைத்தியர்களாக இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டுபட்டார்கள்.

இந்தக் கேள்வி எமது சங்கம் பிறப்பதற்கு முன்னரே ஒரு தடவை எழுந்து, ஒரு மாநகரத்தில் எல்லோரும் எதிர்பாராத விதமாக விடை கண்டது. அந்த விடைக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதும் எமது மலரில் அதைச் சொல்ல ஒரு காரணம்.

1918 ஆவணி நடுப்பகுதியில் 'பேர்கன்ஸ்ஃபியோர்ட்' என்ற நோர்வே நாட்டுக் கப்பல் காய்ச்சல்காரர்களுடன் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தது. புரட்டாதி மாதத்துக்குள் இன்புளுவென்சா நகரெங்கும் பரவிவிட்டது. அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பாடசாலை, தேவாலயம், நாடக அரங்கு எல்லாவற்றையும் இழுத்து மூடின. நியூயோர்க்கின் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்ட் மட்டும் பாடசாலைகளை மூட மாட்டேன் என்றார். அரங்குகளையும் அவர் முற்றாக மூடவில்லை. அலுவலகங்களும் கடைகளும் தொழிற்சாலைகளும் வெவ்வேறு நேரத்தில் திறந்து வெவ்வேறு நேரத்தில் மூட வேண்டும் என்று ஐப்பசி தொடக்கத்தில் கட்டளையிட்டார். சுரங்கப் புகையிரதத்தில் நெரிசலைக் குறைப்பதே அதன் நோக்கம். தெருவில் துப்பியவர்களைப் பிடித்துத் தண்டப்பணம் அறவிட்டார்.

அவருக்குக் கண்டனம் குவிந்தது. அவருக்கு முன்னர் அதே பதவியில் இருந்த கோல்ட்வோட்டரே பகிரங்கமாக எதிர்த்தார். பிள்ளைகளை வைத்துச் சூதாடுகிறார் என்று எண்ணிய பெற்றோர் பலர். ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகள் அந்த நகரின் பாடசாலைகளில் படித்தார்கள்.

கோப்லண்டின் வாதம் எளிமையானது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குடியேறிய ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத தொடர்மாடிகளில், ஓர் அறையில் ஐந்து ஆறு பேராகப் படுத்தெழும்புகிறவர்கள். பாடசாலையை மூடினால் அவர்கள் தனிமையில் இருக்கப் போவதில்லை. படிக்கட்டிலும் தெருவிலும் கூட்டமாகத் திரிவார்கள், நோய் வந்தாலும் கண்டு சொல்ல ஆளில்லை. பாடசாலையோ சுத்தமானது, காற்றோட்டமானது. எல்லாவற்றிலும் மேலாக, அங்கே ஒவ்வொரு காலையும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒருவர் இருக்கிறார்.

அந்த "ஒருவர்" எங்கிருந்து வந்தார் என்பதுதான் கதையின் முக்கிய பகுதி. அதற்குப் பதினாறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1902 இல் நியூயோர்க்கில் பாடசாலைகளைப் பார்வையிட வைத்தியர்கள் வந்துபோனார்கள். கண்நோய், சிரங்கு, படர்தாமரை, பேன் என்று எதைக் கண்டாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைக்கு மருந்து போட ஆளில்லை. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது, கையில் கொடுத்தனுப்பிய துண்டை வாசிக்கவும் முடியாது. பிள்ளை வாரக்கணக்கில் தெருவில் நிற்கும், பிறகு பாடசாலைப் பக்கமே வராது. நோயைத் தடுப்பதற்கென்று செய்த காரியம் படிப்பைத்தான் தடுத்தது.

ஹென்றி வீதியில் ஏழைகளுக்கான தாதியர் நிலையம் ஒன்றை நடத்திய லிலியன் வோல்ட் என்ற அம்மையார் இதைக் கண்டு, தன்னிடமிருந்த தாதி ஒருவரைப் பரீட்சார்த்தமாக ஒரு மாதத்துக்கு இரவல் தருவதாக நகர நிர்வாகத்திடம் சொன்னார். பலன் கிடைத்தால் நிர்வாகமே அந்தச் செலவை ஏற்க முயல வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி வந்தவர்தான் லீனா றோஜேர்ஸ், கனடாவில் பிறந்தவர். 1902 ஐப்பசியில் நான்கு பாடசாலைகளை அவர் பொறுப்பேற்றார். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளையை அங்கேயே வைத்து மருந்திட்டார். மாலையில் வீடு தேடிப் போய்த் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். ஓராண்டுக்குள், நோய் காரணமாக வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தொகை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. நிர்வாகம் மேலும் தாதியரை நியமித்தது.

1908 இல் இந்தப் பணிகளெல்லாம் சிறுவர் சுகாதாரப் பிரிவு என்ற புதிய பிரிவின் கீழ் வந்தன. அதன் தலைவி வைத்தியர் சாரா ஜோசபின் பேக்கர். (பாரிஸில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் வேறு ஆள்.) பதினாறு வயதில் தகப்பனை நெருப்புக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்று மருத்துவம் படித்தவர். பெண்களுக்கெனப் பெண்களே தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் 1898 இல் பட்டம் பெற்றார். 'ரைபொயிட் மேரி' என்று பெயர்பெற்ற சமையற்காரியை 1907 இல் பிடிக்கப் போன குழுவில் அவரும் இருந்தார்.

1908 கோடையில் நகரின் மிக நெருக்கமான பகுதிக்கு முப்பது தாதியரை அனுப்பி, பிறந்த குழந்தை இருந்த வீடுகளுக்கெல்லாம் போக வைத்தார். முந்திய கோடையைவிட 1,200 குழந்தை மரணங்கள் குறைந்தன. பின்னர் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளுக்குக் குழந்தை வளர்ப்புப் பழக்கும் 'சின்னத் தாய்மார்' கழகங்களைப் பாடசாலைகளில் தொடக்கினார். தாய் வேலைக்குப் போனால் தம்பி தங்கையைத் தூக்கித் திரிவது அக்காதான் என்பதை அவர் கண்டிருந்தார். எங்களுக்கும் தெரியாத விடயமல்ல. நியூயோர்க் பல்கலைக்கழகம் பொதுச் சுகாதாரப் பாடநெறியில் விரிவுரையாற்ற அவரை அழைத்தபோது, பெண்களையும் அந்தப் பாடநெறியில் சேர்த்தால்தான் வருவேன் என்றார். சேர்த்தார்கள். 1917 இல் அவரே அங்கு பொதுச் சுகாதாரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய அதிபர்கள் சிலரின் முகம் நினைவுக்கு வருகிறது. பெயர் சொன்னால் மற்றவர்களின் மாணவிகள் கோபிப்பார்கள்.

ஆகவே 1918 இல் கோப்லண்ட் முடிவெடுக்கும்போது அவர் கையில் ஒரு படை ஏற்கெனவே இருந்தது. பாடசாலைகளைத் திறந்து வைத்தால் பிள்ளைகளை நாள்தோறும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் கேட்டவர் தானே என்று பேக்கர் 1939 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதுகிறார். நடைமுறை இதுதான். காலையில் பிள்ளைகள் முற்றத்தில் கூடி விளையாடக் கூடாது, நேரே வகுப்புக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பார். மூக்கு ஒழுகினாலோ, கண் சிவந்திருந்தாலோ, இருமினாலோ அந்தப் பிள்ளை உடனே தனி அறைக்குப் போகும். சுகாதாரப் பிரிவினர் வந்து சோதிப்பார்கள். காய்ச்சல் என்றால் ஒருவர் கூடவே வீடு வரை போவார். வீட்டில் தனியே படுக்க வைக்க வசதியும் பார்க்க ஆளும் உண்டா என்று பார்ப்பார். இல்லையென்றால் வைத்தியசாலை. வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஆள் போவதுண்டு. பாடசாலை திறந்திருந்தது என்று சொல்வதைவிட, பாடசாலை ஒரு சுகாதார நிலையமாக மாறியிருந்தது என்பதே பொருந்தும்.

பலன் என்ன? இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்த இலையுதிர்காலத்திலிருந்து 1919 தொடக்கம் வரை வழமைக்கு மேலாக நேர்ந்த மரணங்களை ஆய்வாளர்கள் பின்னாளில் நகரம் நகரமாகக் கணக்கிட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு நியூயோர்க்கில் 452, பிலடெல்பியாவில் 748, பிற்ஸ்பேர்க்கில் 807. பிலடெல்பியா புரட்டாதிக் கடைசியில் போர் நிதிக்காகப் பெரும் ஊர்வலம் நடத்திவிட்டுப் பின்னர் மூடிய நகரம். பிற்ஸ்பேர்க்கும் பாடசாலைகளை மிகத் தாமதித்தே மூடியது. இவற்றோடு ஒப்பிட்டால் நியூயோர்க் வென்றதாகத் தெரியும். ஆனால் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் மூடிய சென் லூயிஸில் 358 தான். பாடசாலைகளை மூடாத வேறு இரண்டு நகரங்களில் சிக்காகோவில் 373, நியூஹேவனில் 587. ஆக, திறந்து வைத்ததால் உயிர்கள் தப்பின என்றோ, மூடியிருந்தால் தப்பியிருக்கும் என்றோ இந்த எண்களை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நோய் இருபது முதல் நாற்பது வயதுக்காரரையே அதிகம் கொன்றது, பாடசாலை வயதினர் ஒப்பீட்டளவில் தப்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே மூடியதும் பயன் தந்தது, பரிசோதனையுடன் திறந்திருந்ததும் நாசத்தைக் கொண்டுவரவில்லை. எந்த ஆயத்தமும் இல்லாமல் தாமதித்தவர்களே மோசமாக அடிபட்டார்கள்.

எமது தீவும் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. கொழும்புத் துறைமுகம் ஒரு வாசல், 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்த தலைமன்னார் மற்றொரு வாசல். இலங்கை இழந்த மக்கள் தொகை சுமார் மூன்று லட்சம் என்று அண்மைய ஆய்வொன்று மதிப்பிடுகிறது. இங்கு முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் தொடங்கியது அதற்குப் பிறகு, 1926 இல். பாடசாலைக்கு வந்து பல்லையும் கண்ணையும் பார்த்து, நிறை உயரம் அளந்து, ஊசி போட்டுவிட்டுப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவையும் தாதியரையும் நாங்கள் எல்லோரும் அறிவோம். அன்றைக்கு ஒளித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஆண்டில் ஒரு முறை வந்துபோனார்கள். நாள்தோறும் பாடசாலையில் இருந்தவர்கள் அல்லர்.

2020 மார்ச் 12 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் ஒரே கட்டளைக்குள் வந்தார்கள். அந்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம். நோயைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாத வாரங்கள் அவை. ஆனால் 2021 ஏப்ரல் கடைசியில் மூடப்பட்டவை, இருநூறு மாணவர்களுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் திறக்க ஒக்டோபர் 21 ஆகிவிட்டது. அதை என்னால் அதே போல் நியாயப்படுத்த முடியவில்லை. அதற்குள் நோயைப் பற்றி அறிந்துவிட்டோம். பிள்ளைகள் என்ன இழக்கிறார்கள் என்பதையும் கண்டுவிட்டோம். நாட்டில் ஐந்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்றில்தான் கணினி இருந்தது. சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கும் வன்னியின் உட்கிராமத்துப் பிள்ளைக்கும் ஒன்லைன் வகுப்பு என்பது பெரும்பாலும் தந்தையின் தொலைபேசி வீட்டுக்கு வரும் இரவு நேரம்.

உகண்டாவில் பாடசாலைகள் 2020 மார்ச் முதல் 2022 ஜனவரி வரை முழுமையாகவோ பகுதியாகவோ மூடிக் கிடந்தன. திறந்தபோது பெருந்தொகையான பெண்பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பலர் கலியாணம் கட்டியிருந்தார்கள், பலர் கையில் குழந்தை இருந்தது. கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் வகுப்பில் அனுமதிக்கும்படி அரசு சொல்ல வேண்டி வந்தது. பாடசாலை மூடினால் ஆண்பிள்ளை இழப்பது ஒன்று, பெண்பிள்ளை இழப்பது வேறொன்று. பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிகளுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் நாட்டில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மறந்துவிட்டார்கள். 2020 ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடைக் கொத்தணி வெளிவந்து பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. ஆனால் ஒக்டோபர் 11 இல் புலமைப்பரிசில் பரீட்சையும், மறுநாள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் திட்டமிட்டபடி தொடங்கின. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட உயர்தரப் பரீட்சார்த்திகள். ஊரடங்குப் பகுதிகளில் அனுமதி அட்டையே ஊரடங்கு அனுமதிப் பத்திரமாகியது. தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி நிலையங்கள். தொற்றுள்ளவர்கள் வைத்தியசாலையிலிருந்தே எழுதினார்கள். நவம்பர் 6 வரை நடந்து முடிந்தது. பரீட்சை என்றால் எங்களால் முடிகிறது. வகுப்பு என்றால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியைக் கல்வி அமைச்சிடம் கேட்பதற்கு முன், எங்களிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு ஒரு திணைக்களமே ஆயத்தமாக இருக்கிறது. காலையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எத்தனை பாடசாலைகளில் ஓர் ஆள் இருக்கிறார்?

நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்று செயற்குழு ஆலோசனை கேட்டிருக்கிறது. மண்டபத்துக்குக் குளிரூட்டி, நுழைவாயிலில் பெயர்ப்பலகை என்ற யோசனைகள் வந்திருப்பதாக அறிகிறேன். என்னுடைய யோசனை சிறியது. விடுதிக்கென்று ஒரு காலத்தில் இருந்த 'சிக் ரூம்' போன்ற ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி, பயிற்சி பெற்ற ஒரு தாதியின் மூன்றாண்டுச் சம்பளம். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, மூன்றாண்டின் பின் யார் ஏற்பது என்பதை முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஹென்றி வீதியிலிருந்து லீனா றோஜேர்ஸை அனுப்பியபோது லிலியன் வோல்ட் ஒரு மாதத்துக்குத்தான் கேட்டார்.