ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலக்ட்ரிக்? (பாடல்)

"ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலக்ட்ரிக்?" என்பது இங்கிலாந்தின் டியூப்வே ஆர்மி இசைக்குழு 1979 மே மாதம் வெளியிட்ட தனிப்பாடல் ஆகும். இதனை எழுதிப் பாடியவர் கேரி நியூமன்.

பின்னணி

நியூமனின் குழு முதலில் கிட்டாரை முதன்மையாகக் கொண்ட பங்க் இசையையே வாசித்து வந்தது. 1978இல் முதல் இசைத்தொகுப்பைப் பதிவு செய்யச் சென்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், வேறு யாரோ விட்டுச்சென்ற மினிமூக் சிந்தசைசர் ஒன்று இருந்தது. அதன் கட்டையை அழுத்தியதும் எழுந்த கனத்த ஒலி அவருடைய பாதையையே மாற்றியது. பிலிப் கே. டிக்கின் அறிவியல் புனைகதைகளில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், மனித உருவில் உலவும் இயந்திரங்களைப் பற்றித் தாம் எழுதிய கதைகளிலிருந்து இப்பாடலை உருவாக்கினார். முற்றுப்பெறாத இரு பாடல்களை இணைத்ததால் இது ஐந்து நிமிடத்திற்கும் மேல் நீள்கிறது. வழக்கமான பல்லவி இதில் இல்லை. இடையே பேச்சாக வரும் பகுதிகள் ஒருவனின் தனிமையைச் சொல்கின்றன.

வரவேற்பு

பிபிசியின் "டாப் ஆஃப் த பாப்ஸ்" நிகழ்ச்சியில் இடம்பெற்ற பின் விற்பனை பெருகி, இப்பாடல் பிரித்தானியப் பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எனினும், விமர்சகர் பலர் இவ்வகை இசையை உணர்ச்சியற்றது எனச் சாடினர். இயந்திரம் வந்தால் வாத்தியக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சமும் எழுந்தது. 1982இல் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசருக்குத் தடை கோரியது, தடை வரவில்லை. 2002இல் இதே இசையின் மீது சுகாபேப்ஸ் குழு பாடிய "ஃப்ரீக் லைக் மீ" பிரித்தானியாவில் மீண்டும் முதலிடம் பெற்றது.