ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம்

டென்மார்க்கின் ரோஸ்கில்டே நகரில், ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கரையில் 1969இல் திறக்கப்பட்டது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து கப்பல்கள் இங்கே உள்ளன. ஐந்தும் ஐந்து வகை: பெருங்கடல் சரக்குக் கப்பல், கரையோரச் சரக்குக் கப்பல், இரண்டு போர்க்கப்பல்கள், ஒரு மீன்பிடிப் படகு.

இவை புயலில் கவிழ்ந்தவை அல்ல. கடல்வழியே வரும் பகைவரைத் தடுக்க, 1070ஐ ஒட்டி, ஸ்குல்டெலெவ் அருகே கற்களை ஏற்றி வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டவை. 1962இல் அந்த இடத்தைச் சுற்றி அணை கட்டி, நீரை இறைத்து, ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை வெளியே எடுத்தார்கள். முதலில் ஆறு கப்பல்கள் என்றே கருதினார்கள். இரண்டாவதும் நான்காவதும் ஒரே கப்பலின் பகுதிகள் என்பது பிறகு புரிந்தது. அதனால்தான் எண் வரிசையில் இன்றும் நான்கு இல்லை.

அந்த இரண்டாம் கப்பலே இங்கு வருவோர் நின்று பார்க்க வேண்டியது. சுமார் 30 மீட்டர் நீளம், 60 துடுப்புகள். எஞ்சியிருப்பது கால்பங்கு மரம்தான். ஆனாலும் அதன் ஓக் பலகைகளின் ஆண்டு வளையங்கள், 1042 அளவில் அயர்லாந்தின் டப்ளினில் அது கட்டப்பட்டதைக் காட்டிக்கொடுத்தன. பழைய முறையில் கோடரியால் செதுக்கி உருவாக்கிய அதன் மறுபடைப்பு 2007இல் டப்ளினுக்குப் பாய்விரித்துச் சென்று, அடுத்த ஆண்டு திரும்பியது.

கோடைக்காலத்தில் பார்வையாளர்களே துறைமுகத்தில் துடுப்பு வலித்துப் பயணம் செய்யலாம்.