கழட்டினா ஆகும்

அப்பா மளிகைக்கடையை மூடியபோது தராசும் கண்ணாடிப் பெட்டியும் ஒரே நாளில் விலைபோயின. சுவரோரம் நின்ற ஆங்கிள் ரேக்கைப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கேட்டார். "அதை எடைக்குப் போடாதே. கழட்டினா வீட்டுக்கு ஆகும்" என்று அப்பா தடுத்துவிட்டார். 12–13 ஸ்பேனர் இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க இருவரும் கழற்றினோம். துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட வேண்டியிருந்தது. கடைசியில் தரையில் கிடந்தவை நான்கு நீள ஆங்கிள், ஐந்து தகடு, கொஞ்சம் முக்கோண மூலைத் தகடு, ஒரு டப்பா போல்ட். அரிசியும் பருப்பும் எண்ணெய் டின்னுமாக அத்தனை வருடம் சுமந்தது, ஒரு லோடு ஆட்டோவில் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை.

அப்பா சொன்ன 'கழட்டினா ஆகும்' என்ற அந்த எண்ணம்தான் இந்த ரேக் பிறந்ததற்கே காரணம் என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இந்த வகை ஆங்கிளை உருவாக்கிய டெமெட்ரியஸ் கோமினோ 1902இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனுக்குப் போய் இன்ஜினியரிங் படித்தார். பிறகு அங்கேயே கிரிசன் என்ற பெயரில் அச்சகம் நடத்தினார். அச்சகத்துக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. புது மெஷின் வந்தால் பேப்பர் கட்டுகள் நகர வேண்டும். வேலை கூடினால் இன்னொரு ஸ்டாண்ட் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அளவெடுத்து, அறுத்து, அடித்து ஒன்றைச் செய்வதும், தேவை தீர்ந்ததும் அதை உடைத்துப் போடுவதும் வழக்கம். பொருளும் போச்சு, கூலியும் போச்சு. மற்ற முதலாளிகள் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். கோமினோவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருமுறை செய்ததைப் பிரித்து வேறொன்றாக ஏன் மாற்ற முடியாது என்று யோசித்தார். இரும்புப் பட்டையில் முன்கூட்டியே வரிசையாக ஓட்டை போட்டு வைத்துவிட்டால்?

ஓட்டைப் பட்டை புதிதல்ல. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இலேயே அதை விளையாட்டுப் பொருளாக்கிக் காப்புரிமை வாங்கியிருந்தார். மெக்கானோ என்று உலகமெங்கும் பிள்ளைகள் அதை முடுக்கி விளையாடினார்கள். ஆனால் பொம்மைக் கிரேன் நிற்பது வேறு, டன் கணக்கில் பேப்பர் நிற்பது வேறு. நடுவில் உலகப்போர் வந்தது. போர் முடிந்து, பிரிட்டனில் மரத்துக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு நிலவிய 1947இல்தான் கோமினோவின் ஆங்கிள் லண்டனில் விற்பனைக்கு வந்தது. டெக்சியான் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'வலது' என்ற பொருள் தரும் சொல் அது.

அந்த ஆங்கிளின் சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு தாளை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள், சாயும். நீளவாக்கில் மடித்து நிறுத்துங்கள், நிற்கும். மெல்லிய தகட்டை ஆங்கிலத்தின் எல் எழுத்துப் போல மடித்ததும் அதே காரியம் நடக்கிறது. கனமான இரும்பு தேவையில்லாமல் போகிறது. தட்டின் நான்கு ஓரங்களை மடித்திருப்பதும் இதற்காகத்தான். இரண்டாவது, அந்த ஓட்டைகள். பல வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும். அளவு கொஞ்சம் பிசகினாலும் போல்ட்டை நகர்த்திச் சரிக்கட்டலாம். வெல்டிங் வேண்டாம், துளை போட வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஒரு பொருளைச் செய்யும் உரிமையைச் சாதாரண ஆள் கையில் கொடுத்தது இந்த ஓட்டைதான் என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் எந்தக் கிளை நூலகத்துக்கும், மருந்துக்கடைக்கும், வக்கீல் ஆபீஸுக்கும் போனாலும் இந்த ரேக்கின் பிள்ளை குட்டிகள் நிற்கும். வாங்கும்போது கேஜ் கேட்டு வாங்குங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். 14 கேஜ் ஆங்கிளும் 20 கேஜ் தட்டும் வீட்டுக்குத் தாராளம். மூலைத் தகட்டை மட்டும் விலை பார்த்து விட்டுவிடாதீர்கள். நாலு மூலைச் சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சரியும், முக்கோணம் சரியாது. ரேக் ஆடாமல் நிற்பது அந்த உள்ளங்கை அகலத் தகட்டால்தான்.

வீட்டில் திரும்ப மாட்டியபோது முதல் போல்ட்டையே நான் இறுக்கி முறுக்கினேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் கையால மாட்டு. நிமிர்த்து. நேரா நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் முறுக்கு." அப்படியே செய்தோம். கனமானதெல்லாம் கீழ்த்தட்டில் என்பதால் குக்கரும் கிரைண்டர் கல்லும் அடியில் போயின. மகளின் பாடப்புத்தகங்கள் நடுவில். மிஞ்சிய போல்ட்டுகளை அப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி மேல்தட்டில் வைத்திருக்கிறார்.